மலைக்காடும் மின்விளக்கும்

இலங்கைத் தீவின் நடுவே எழுந்து நிற்கும் மலைநாட்டுக்கு ஆண்டிலே இருமுறை மழைக்காற்று வந்து சேர்கின்றது. வைகாசியை ஒட்டித் தென்மேற்கிலிருந்தும், மார்கழியை ஒட்டி வடகிழக்கிலிருந்தும் வீசுகின்ற அக்காற்றுக்கள், கடலில் முகந்த நீரை மலைச்சாரலிலே சொரிந்துவிட்டுச் செல்கின்றன. ஹோர்ட்டன் சமவெளியிலும் சிவனொளிபாதமலைச் சாரலிலும் செறிந்துள்ள குறுமரக் காடுகளோ, மழை பெய்யாத நாளிலுங்கூட, தம்மைத் தழுவிச் செல்லும் மேகத்தினின்றும் ஈரத்தைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையன. பாசி படர்ந்த கிளைகளில் அரும்பும் துளிகள் சருகிலே சொட்டி, மண்ணிலே ஊறி, பல நாள் கழித்து ஊற்றாக வெளிப்படுகின்றன. மகாவலி, களனி, வளவை என்னும் மூன்று பேராறுகளுக்கும் ஹோர்ட்டன் சமவெளி தலையூற்றாக விளங்குகின்றது.

கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு வீட்டில் எரிகின்ற மின்விளக்குக்கும் அந்தப் பாசி படர்ந்த கிளைக்கும் நெருங்கிய உறவு உண்டு. அவ்வுறவை இந்நாடு எவ்வாறு அறிந்துகொண்டது, அறிந்தபின் அதனை எவ்வளவு தூரம் பேணியது என்பது ஒன்றரை நூற்றாண்டுக் கதையாகும்.

1815ஆம் ஆண்டிலே கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அதற்குப்பின் சில பத்தாண்டுகளுள் மலைநாட்டுக்கு வீதிகள் திறக்கப்பட்டன. வீதிகளைத் தொடர்ந்து கோப்பிப் பயிர் மலையேறிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்ட இயலாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவென்று கொள்வதற்கு வழிசெய்தது. அவ்வாறு முடிக்குரியதாகிய காடு, தோட்டத் துரைமாருக்கு ஏக்கர்க் கணக்கில் விற்கப்பட்டது. மரங்களை வெட்டிச் சாய்த்து, அவை காய்ந்தபின் தீமூட்டி, சாம்பல் படிந்த சரிவிலே கோப்பிக் கன்றை நடுவதே அக்காலத்து வழக்கம். அவ்வேலைக்கென்று தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்ட மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே நடந்து மாத்தளையை அடைந்தனர். கண்டிச் சீமை என்று பெயர் கேட்டுப் புறப்பட்டோருட் பலர் பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டனர் என்பது அவ்வரலாற்றின் துயரமான பக்கம். 1870களின் பிற்பகுதியில் கோப்பி பயிரிடப்பட்ட நிலம் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்டிருந்தது.

காடு அழிந்த சரிவிலே மழை என்ன செய்யும் என்பதைத் தோட்டக்காரர் விரைவிலேயே கண்டனர். பல்லாயிரம் ஆண்டுகளாகச் சருகு மட்கித் திரண்ட மேல்மண், சில மழைக்காலங்களுள் ஓடைகளுக்குப் போயிற்று. மழைநாளில் ஆறு கலங்கிப் பெருகிற்று. வெயில்நாளில் ஓடை வற்றிற்று. மலையடிவாரத்து வயலுக்கும் அத்தீமை வந்து சேர்ந்தது.

இந்நிலையிலே 1873ஆம் ஆண்டில் முதலாவது எச்சரிக்கைக் குரல் எழுந்தது. இலண்டனுக்கு அணித்தாயுள்ள கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த சேர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை வெட்டவிடாது பேண வேண்டுமென்று ஆலோசனை கூறினார். மலைமுடியிற் காடு நின்றால்தான் தாழ்நிலத்தில் நீரோட்டம் ஒழுங்காக நிற்கும் என்ற உண்மையே அவ்வாலோசனையின் உட்கிடை. அரசாங்கம் அதனை ஏற்று, அவ்வுயரத்துக்கு மேற்பட்ட காட்டை வெட்டுவதைத் தடைசெய்தது. அதற்கு முன்பே தோட்டமாகிவிட்ட உயர்நிலங்கள் தோட்டமாகவே நின்றன. நுவரெலியாவைச் சூழ்ந்த தேயிலைச் சரிவுகள் அதற்குச் சான்று. எனினும், ஹோர்ட்டன் சமவெளியும் சிவனொளிபாதமலைக் காடும் பிற்காலத்தார் கையிற் சேர்ந்ததற்கு அத்தடை ஒரு முதற்காரணம் என்று கூறுதல் மிகையன்று. 1882இலே வின்சென்ற் என்பவர் இலங்கைக் காட்டு நிர்வாகம் பற்றி அறிக்கை அளித்தார். 1885இலே காட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1887இலே காட்டுத் திணைக்களம் நிறுவப்பட்டது.

இதற்கிடையில் கோப்பியின் காலம் முடிவெய்திற்று. 1869இல் முதன்முதற் காணப்பட்ட இலைத்துரு நோய், இருபது ஆண்டுகளுள் அப்பயிரை ஏறக்குறைய முற்றாக அழித்தது. ஜேம்ஸ் டெயிலர் என்பவர் 1867ஆம் ஆண்டில் லூல்கந்துர தோட்டத்திலே 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறினும், காடிழந்த சரிவுகளின் கதை மாறவில்லை. ஆனால் முடியிலே காடு நின்றது, ஆறுகள் ஓடிக்கொண்டிருந்தன.

அந்த ஆறுகளை நோக்கி இரண்டாவது குரல் எழுந்தது. அக்குரலுக்குரியவர் இந்நாட்டு மைந்தர். 1874இல் காலியிலே பிறந்த டீ. ஜே. விமலசுரேந்திர, பொதுவேலைத் திணைக்களத்திற் பணியாற்றிய பொறியியலாளர். மஸ்கெலி ஓயாவும் கெகல்கமு ஓயாவும் செங்குத்தாக விழுந்து அருவியாகும் இடங்களை அவர் நேரிற் கண்டவர். நீரின் ஆற்றல் இரண்டினால் அளக்கப்படும். எவ்வளவு நீர் விழுகின்றது என்பது ஒன்று, எவ்வளவு உயரத்திலிருந்து விழுகின்றது என்பது மற்றொன்று. உயரத்தை இயற்கை மலையாகத் தந்திருந்தது. நீரை மழைக்காற்றும் காடும் தந்தன. இந்த வீழ்ச்சியைக் குழாயிலே அடக்கிச் சுழலியைச் சுற்றச் செய்தால், கடல் கடந்து வரும் நிலக்கரியையும் எண்ணெயையும் நம்பியிராமலே நாடு ஒளிபெறலாம் என்பது அவர் கண்ட முடிவு.

நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையிலுள்ள பிளக்பூல் என்னுமிடத்தில், 1912இலே சிறிய நீர்மின் நிலையமொன்றை அமைத்து நுவரெலியாவுக்கு அவர் ஒளி வழங்கினார். பின்னர் 1918இலே, இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன்னிலையில், இலங்கையில் மின்வலுவைப் பயன்படுத்துவதன் பொருளாதாரம் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றைப் படித்தார். அக்காலத்து அதிகாரிகள் அதனை வரவேற்கவில்லை. 1924இல் தொடங்கப்பட்ட அபடீன்–லக்சபான வேலை, பணமுடை காரணமாகச் சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று. அரசாங்க உத்தியோகத்தினின்றும் ஓய்வுபெற்ற விமலசுரேந்திர, 1931இலே இரத்தினபுரித் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி, அங்கும் இவ்விடயத்தை விடாது எடுத்துரைத்தார். மீண்டும் தொடங்கிய வேலையை இரண்டாம் உலகப் போர் தாமதப்படுத்திற்று. ஈற்றில் 1950ஆம் ஆண்டிலே லக்சபானவின் முதற் கட்டம் 25 மெகாவோட் வலுவுடன் இயங்கத் தொடங்கியது. கட்டுரை படித்த ஆண்டிலிருந்து எண்ணினால் 32 ஆண்டுகள்! தமது கனவு ஒளியாக மாறியதைக் கண்ட அப்பெரியார் 1953இலே காலமானார். 1965இலே நோர்ட்டன் பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய 50 மெகாவோட் மின்நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

1873இன் குரலும் 1918இன் குரலும் வெவ்வேறு காலத்தன, வெவ்வேறு துறையின. முன்னையது காட்டைப் பற்றியது. பின்னையது மின்சாரத்தைப் பற்றியது. எனினும் இரண்டும் ஒரே உண்மையின் இரு பாதிகள் ஆகும். காடில்லாத மலையிலே அணை கட்டினால் அவ்வணை நீரைச் சேர்ப்பதிலும் மண்ணைச் சேர்ப்பதே அதிகமாகும். இதனைப் பிற்காலம் கண்கூடாக நிரூபித்தது.

லக்சபானவைத் தொடர்ந்து காசல்ரீ, மவுசாகலை ஆகிய பெருநீர்த்தேக்கங்கள் எழுந்தன. 1969இலே மின்சார சபை நிறுவப்பட்டது. பொல்கொல்லையில் மகாவலி மறிக்கப்பட்டு, அதன் நீர் 1976இலே உக்குவளை மின்நிலையத்தின் வழியாக வடக்கு நோக்கித் திரும்பிற்று. துரித மகாவலித் திட்டத்தின் கீழ் 1980களில் விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகலை ஆகிய பேரணைகள் கட்டி முடிக்கப்பட்டன. விக்டோரியா மாத்திரம் 210 மெகாவோட் வலுவுடையது. 1990களின் நடுப்பகுதி வரையில் நாட்டின் மின்சாரத்திற் பெரும்பங்கு நீரினாலேயே பெறப்பட்டது. புகையில்லை, சாம்பலில்லை, எரிபொருளுக்கென்று அந்நியச் செலாவணி போவதுமில்லை. அத்தகைய பேறு பெற்ற நாடுகள் உலகிற் சிலவே.

ஆனால் அப்பேற்றுக்கு விலையும் இருந்தது. மவுசாகலை நீர் உயர்ந்தபோது பழைய மஸ்கெலியாப் பட்டினம் நீருள் மூழ்கிற்று. கடுங்கோடையிலே நீர்மட்டம் இறங்கும்போது அங்கிருந்த கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் இன்றும் வெளித்தோன்றுகின்றன. மக்கள் சென்று பார்த்து வருகின்றனர். மலையிலிருந்து கொழும்புக்கு மின்சாரத்தைச் சுமந்த கம்பிகள் தோட்டங்களின் மேலாகவே சென்றன. அவற்றின் கீழிருந்த லயங்களில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. காட்டை வெட்டியதும், தேயிலையை நட்டதும், அணைக்கு மண் சுமந்ததும் உழைப்பாளிகளின் கைகள். ஒளி அக்கைகளுக்குப் பிந்தியே வந்தது.

காட்டின் நிலையும் கவலைக்குரியதாயிற்று. 1956இலே நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 44 வீதமாயிருந்த காடு, 2010ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 30 வீதமாயிற்று. மகாவலியின் மேற்பகுதியிற் செங்குத்தான சரிவுகளில் மறிப்பின்றிப் புகையிலையும் மரக்கறியும் பயிரிடப்பட்டமையால், மேல்மண் ஆற்றுக்கு வந்தது. பொல்கொல்லைத் தேக்கத்தின் கணிசமான பகுதி சில ஆண்டுகளுக்குள்ளேயே வண்டலால் நிரம்பிற்று. மண்பாதுகாப்புச் சட்டம் 1951இலேயே இயற்றப்பட்டிருந்தும் சரிவுகளில் அது முற்றாக நடைமுறைக்கு வரவில்லை. சட்டத்தை எழுதுவது எளிது. சரிவிலே கல்வரம்பு கட்டுவதே கடினம்.

அரசாங்கம் மறந்த இடத்திலே பொதுமக்கள் நினைவூட்டத் தொடங்கினர். 1970களில் சிங்கராசக் காட்டின் மரங்கள் ஒட்டுப்பலகைக்கென வெட்டப்பட்டபோது, அறிவியலாளரும் பத்திரிகைகளும் இயற்கை நேயரும் ஒருங்கே எதிர்த்தனர். அப்பத்தாண்டு முடியுமுன் வெட்டு நிறுத்தப்பட்டது. 1894இலே வேட்டை விலங்குகளைக் காக்கும் நோக்குடன் தோட்டத் துரைமார் தொடங்கிய சங்கமும், காலப்போக்கில் வனசீவராசிகள் அனைத்தையும் பேணும் சங்கமாக மாறி, இத்தகைய முயற்சிகளிற் பங்குகொண்டது. சிங்கராசம் 1988இலே உலக மரபுரிமைத் தலமாயிற்று. ஹோர்ட்டன் சமவெளி அதே ஆண்டிலே தேசியப் பூங்காவாயிற்று. 2010இலே சிவனொளிபாதமலைக் காடும், ஹோர்ட்டன் சமவெளியும், நக்கிள்ஸ் மலைத்தொடரும் ஒருங்கே உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தன. ஹூக்கர் 5,000 அடிக் கோட்டைக் குறித்த ஆண்டிலிருந்து 137 ஆண்டுகள் கழிந்திருந்தன.

1980இலே தேசிய சுற்றாடற் சட்டம் நிறைவேறியது; அடுத்த ஆண்டிலே மத்திய சுற்றாடல் அதிகாரசபை அமைந்தது. 1988இல் செய்யப்பட்ட திருத்தத்தினால், பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்குமுன் அதனால் விளையும் சூழற்றாக்கத்தை மதிப்பிட்டு, மக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும் என்னும் விதி ஏற்பட்டது. விமலசுரேந்திரவின் காலத்திலே பொறியியலாளர் மாத்திரம் விடை சொன்ன கேள்விக்கு, இனி அருவியருகில் வாழ்வோரும் விடை சொல்லலாம் என்பதே இவ்விதியின் பொருள்.

அந்த விதிக்கு முதற் பெருஞ்சோதனையாக அமைந்தது மேல் கொத்மலைத் திட்டம். தலவாக்கலைக்கு அண்மையிலே கொத்மலை ஓயாவை மறித்து 150 மெகாவோட் பெறுவது அதன் நோக்கம். சென் கிளயர் அருவி வற்றிவிடும் என்றும், லயங்களிலும் பட்டினத்திலும் வாழ்ந்த பல நூறு குடும்பங்கள் இடம்பெயரும் என்றும் எதிர்ப்பு எழுந்தது. பல ஆண்டு விவாதத்தின் பின், துணை ஓடைகளை மறிக்கும் திட்டங்கள் கைவிடப்பட்டன. பகற்பொழுதில் சென் கிளயர் அருவிக்கு நீர் விடவேண்டும் என்ற நிபந்தனையும் விதிக்கப்பட்டது. 2012இலே மின்நிலையம் திறக்கப்பட்டது. எதிர்த்தோர் முழுவெற்றி பெறவில்லை. திட்டமிட்டோரும் நினைத்தவாறு முழுவதையும் பெறவில்லை. அருவியோ மெலிந்து நின்றது. ஆயினும் ஓர் அருவிக்கும் அதன் பங்கு நீரைப் பெறும் உரிமை உண்டென்பது எழுத்தில் ஏறிற்று.

மதிப்பீடு செம்மையாக அமையாவிடத்து நேரக்கூடியதை ஊவாவிலுள்ள உமா ஓயாத் திட்டம் காட்டியது. 2014ஆம் ஆண்டின் இறுதியிலே சுரங்கத்தினுள் நிலத்தடி நீர் பாய்ந்தபோது, பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 120 மெகாவோட் வலுவுடைய அந்நிலையம் 2024இலே திறக்கப்பட்டது. அது வழங்கும் மின்சாரம் புகையற்றதே. எனினும் கிணறிழந்த வீட்டாருக்கு அது தூயதென்று எவரும் எளிதிற் சொல்லிவிட இயலாது.

மலைமழையை மாத்திரம் நம்பியிருத்தலின் இடர் 1996இல் வெளிப்பட்டது. மழை பொய்த்தது, தேக்கங்கள் வற்றின, நாள்தோறும் பல மணிநேரம் மின்வெட்டு நேர்ந்தது. அதன்பின் எண்ணெயும் நிலக்கரியும் முன்வந்தன. நுரைச்சோலையில் 2011இலிருந்து 2014 வரை மூன்று கட்டங்களாக 900 மெகாவோட் நிலக்கரி நிலையம் எழுந்தது. மற்றொரு நிலக்கரி நிலையத்துக்குத் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர் குறிக்கப்பட்டது. 2006இலே போரினால் இடம்பெயர்ந்த தமிழ்க் குடிகளின் ஊர் அது. வயலும் மீன்பிடி கரையும் சாம்பலுக்கு இரையாகுமென்று ஊரவரும் சுற்றாடல் அமைப்புக்களும் எதிர்த்தனர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2016இலே அந்நிலையம் சம்பூரில் அமையாது என்று அரசு மன்றுக்கு அறிவித்தது. 2025இலே அதே சம்பூரிலே சூரியஒளி மின்திட்டத்துக்குத் தொடக்கவிழா நடைபெற்றது.

காற்றும் கைகொடுத்தது. மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் நிறுவப்பட்டு, 103.5 மெகாவோட் வலுவுடன் 2020ஆம் ஆண்டின் இறுதியில் இயங்கத் தொடங்கின. ஒரு காலத்தில் கண்டிச் சீமைக்குச் சென்ற மக்கள் கால்வைத்த கரை, இவ்வாறு மின்னாக்கும் கரையாயிற்று. ஆனால் மன்னார், வடதிசைக் குளிருக்கு ஒதுங்கி வரும் வலசைப் பறவைகள் இறங்கும் வழியுமாகும். அருகிலுள்ள வங்காலைச் சரணாலயம் 2010இலே ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. ஆகவே மேலும் காற்றாலைகள் திட்டமிடப்பட்டபோது, 2024இலே வழக்குகள் எழுந்தன; 2025இலே தீவு மக்கள் வீதிக்கு வந்து மறித்தனர். வெள்ளநீர் வடிவது எங்ஙனம், மீன்பாடு என்னாகும், பறவையின் வழி என்னாகும் என்பனவே அவர்கள் கேட்ட கேள்விகள்.

இக்கேள்விகளைத் தூய மின்சாரத்துக்குப் பகையானவை என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. 1873இலே மலைமுடிக் காட்டைக் காட்டிக் கேட்கப்பட்ட கேள்வியின் வழித்தோன்றல்களே இவையும். அன்று அக்கேள்வி செவிமடுக்கப்பட்டமையினாற்றான் 1950இலே லக்சபானவுக்கு நீர் இருந்தது. அன்று அதனை வளர்ச்சிக்குத் தடையென்று ஒதுக்கி, கோப்பிக்காக முடிவரை காட்டை எரித்திருந்தால், விமலசுரேந்திர அளந்த அருவிகள் மழைநாட் பெருக்காகவும் கோடைநாட் பாறையாகவும் எஞ்சியிருக்கும்.

2030ஆம் ஆண்டளவில் மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க வழிகளாற் பெறுவதென்று இந்நாடு இலக்கு வகுத்தது. அவ்விலக்குக்கு அணையும் வேண்டும். காற்றாலையும் சூரியத் தகடும் வேண்டும். அவற்றுக்கெல்லாம் முன்னதாக வேண்டுவது, மலைமுடியிலே பாசி படர்ந்து நிற்கும் அக்குறுமரக் காடு. ஓர் ஆண்டில் அணை கட்டலாம். பத்தாண்டில் ஒரு நகர் எழுப்பலாம். 5,000 அடி உயரத்திலே, குளிரிலும் காற்றிலும் அங்குலம் அங்குலமாக வளர்ந்த ஒரு மரத்தை எந்தத் திணைக்களத்தாலும் விரைந்து வளர்த்துவிட முடியாது. மாலையில் விளக்கேற்றுகின்ற ஒவ்வொரு வீடும் அம்மரத்துக்குக் கடன்பட்டது.